பேண்டில் சேர்வது எப்படி, சேர்ந்தால் என்ன கிடைக்கும்? நெய்வேலி அணிவகுப்பிலிருந்து ஒரு பார்வை

ஜனவரி 26 காலை. நெய்வேலி டவுன்ஷிப், பாரதி விளையாட்டரங்கம். கொடி ஏறியதும் அணிவகுப்பு தொடங்கும். மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் முன்னால், பின்னால் என்சிசி, சாரணர், பள்ளிப் பிள்ளைகள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் போனைத் தூக்கிப் பிடித்து, தங்கள் பிள்ளை எந்த வரிசையில் வருகிறது என்று தேடுவார்கள்.

பேண்டில் இருக்கும் பிள்ளையைத் தேடவே வேண்டாம். ஊருக்கே தெரியும்படி பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு வரும்.

அணிவகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேலை: காலை ஒன்றாக எடுத்து வைப்பது. பேண்டில் இருப்பவருக்கு மட்டும் இரண்டு வேலை. நடக்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும். சேருவது எப்படி, உள்ளே என்ன நடக்கிறது, மூன்று வருஷம் வெயிலில் நின்றதற்குக் கடைசியில் என்ன கிடைக்கும்? நெய்வேலி மாதிரி ஊரில் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் வெயிட் அதிகம்.

காரணம் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய நிறுவனம் இது. அடுத்த ஆண்டே நேரு வந்து முதல் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் நட்டு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் வைத்துக் கட்டிய ஊர். அந்த ஊரின் வளைவைத் தாண்டி வெளியே வந்தால் மந்தாரக்குப்பம், வடக்குத்து, அதற்கப்பால் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பவை இங்கே பல ஆண்டுகளாக ஓயாத கோரிக்கைகள். அதனால் இங்கே ஒரு பையன் பியூகிளை வாயில் வைத்தால், "இதுல என்னடா வரும்?" என்ற கேள்வி வீட்டில் வந்தே தீரும். கேட்பதில் தப்பும் இல்லை.

யுனிவர்சிட்டி பேண்ட் என்றால் நம்மூரில் எது?

அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்போம். ஃபுட்பால் மேட்ச் இடைவேளையில் இருநூறு பேர் இறகு வைத்த தொப்பியோடு மைதானத்தில் இறங்கி, வாசித்துக்கொண்டே எழுத்தாக, படமாக மாறி மாறி நிற்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தனிக்குழு அது.

நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு மரபு வளரவில்லை. நெய்வேலிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் என்றால் சேத்தியாத்தோப்பு வழியாக பஸ் பிடித்தால் வரும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான். 1929-லேயே இசைக்கல்லூரி வைத்த வளாகம் அது. ஆனால் அந்த இசைக்கல்லூரி கர்நாடக இசைக்காக எழுந்தது, அணிவகுப்புக்காக அல்ல. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'பேண்ட்' என்றால் பெரும்பாலும் அது என்சிசி பேண்ட். இசைத்துறை ஒரு பக்கம், பேண்ட் இன்னொரு பக்கம். இரண்டும் கேன்டீனில் சந்தித்துக்கொண்டால் உண்டு.

நாட்டில் என்சிசி, 1948-ல் வந்த சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பள்ளியில் ஜூனியர் பிரிவு இரண்டு ஆண்டு, கல்லூரியில் சீனியர் பிரிவு மூன்று ஆண்டு. பேண்ட் என்பது அதற்குள் ஒரு கிளை. நேரடியாக பேண்டில் சேர முடியாது. முதலில் கேடட் ஆக வேண்டும். கல்லூரி திறந்த முதல் சில வாரங்களில் என்சிசி ஆள்சேர்ப்பு நடக்கும். ஓட்டம், உயரம், உடல்தகுதி, சின்ன நேர்காணல். இந்த வாரங்களைத் தூங்கிக் கழித்தவர்களுக்கு அடுத்த வருஷம் கதவு அநேகமாக மூடியிருக்கும். மூன்று ஆண்டு முடித்தால்தான் 'சி' சான்றிதழ், மூன்றாண்டுப் படிப்பில் அதற்கு முதல் வருஷமே சேர்ந்தாக வேண்டும்.

கேடட் ஆன பிறகுதான் பேண்டுக்கு ஆள் பொறுக்குவார்கள். இதற்கு நோட்ஸ் படிக்கத் தெரியணும், வெஸ்டர்ன் கிளாசிகல் தெரியணும் என்று நினைத்துப் பின்வாங்குபவர்கள் நிறைய. உண்மையில் பெரும்பாலானோர் வாத்தியத்தைத் தொட்டதே இல்லாமல்தான் வருகிறார்கள். பேண்ட் மாஸ்டர் பார்ப்பது வேறு. கைதட்டச் சொல்லி, நடுவில் பேச்சுக் கொடுத்தால் தாளம் ஓடுகிறதா தள்ளாடுகிறதா? தோள் எப்படி, பாஸ் டிரம்மைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்குமா? உதடும் முன்பல்லும் எப்படி? இந்தக் கடைசிக் கேள்வி சிரிப்பாகத் தெரியலாம். பித்தளை வாத்தியத்தில் சத்தத்தை உண்டாக்குவதே உதடுதான். உதட்டைச் சேர்த்து அதிர வைத்துக் காற்றை விட்டால், குழாய் அதைப் பெரிதாக்கித் தருகிறது. சும்மா ஊதினால் வெறும் காற்றுதான் வரும்.

ஊரில் பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயில் காவடிக்குப் பின்னால் ஆடிப் பழகிய காலுக்குத் தாளம் புதிதில்லை. ஆனால் அங்கே தாளம் ஏற ஏற வேகமும் ஏறும். பேண்டில் அது நடக்கவே கூடாது. உற்சாகத்தில் வேகம் கூட்டுபவர்தான் மாஸ்டரிடம் முதலில் திட்டு வாங்குவார்.

முதல் மாதம் வாத்தியம் கிடையாது

சேர்ந்த உடனே டிரம் கையில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். முதலில் கால். என்சிசி டிரில்லில் கட்டளைகள் இந்தியில் இருக்கும். 'சாவ்தான்' என்றால் விறைப்பாக நிற்பது, 'விஷ்ராம்' என்றால் தளர்ந்து நிற்பது, 'கதம் தால்' என்றால் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவது, 'தேஸ் சல்' என்றால் வேக நடை. இந்தி வகுப்புக்கே போகாத பையன்கள்கூட மூன்று வாரத்தில் இதற்குத் தூக்கத்தில் எழுந்து நிற்பார்கள்.

வேக நடை என்பது நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. ஒவ்வோர் அடியும் 30 அங்குலம். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 90 மீட்டருக்குச் சற்று மேல். பார்க்கச் சாதாரணம். ஆனால் உயரம் குறைந்தவருக்கும் 30 அங்குலம்தான், ஆறடி ஆளுக்கும் 30 அங்குலம்தான். ஒருவர் நீட்டி வைக்க வேண்டும், இன்னொருவர் சுருக்க வேண்டும். இது உடம்பில் ஊறும் வரை வாத்தியம் வராது.

டிரம் பிரிவினர் அந்த மாதம் முழுக்க பெஞ்சிலும் மரப்பலகையிலும் குச்சியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வலது இடது, வலது இடது, வலது வலது, இடது இடது. ஹாஸ்டல் அறையில் பக்கத்துக் கட்டில்காரர் கை எடுத்துக் கும்பிடும் அளவுக்கு. பியூகிள் பிரிவுக்கு வேறு பாடு. பியூகிளில் பொத்தான் எதுவும் கிடையாது. உதட்டின் இறுக்கத்தை மாற்றியே ஐந்தாறு சுரங்களை எடுக்க வேண்டும். டிரம்பெட்டில் மூன்று வால்வு இருப்பதால் எல்லாச் சுரமும் வரும், ஆனால் பழக அதிக நாள் பிடிக்கும். பல பள்ளி பேண்டுகள் பியூகிளும் டிரம்மும் சிஞ்சாவுமாக நின்றுவிடுவது இதனால்தான். விலை இன்னொரு காரணம். கிளாரினெட், யூஃபோனியம், டியூபா எல்லாம் வந்தால்தான் அது முழுமையான பிராஸ் பேண்ட்.

பேண்டில் எல்லாக் கால்களையும் கட்டி வைத்திருக்கும் வாத்தியம் பாஸ் டிரம். அதன் 'தம்' விழும்போது எல்லோருடைய இடது காலும் தரையில் இருக்க வேண்டும். பாஸ் டிரம்காரர் ஒரு அடி தவறினால் பின்னால் வரும் நூறு பேரும் தவறுவார்கள். மெலடி வாசிப்பவர் தப்பு செய்தால் இசை தெரிந்தவருக்கு மட்டும் தெரியும். இவர் தப்பு செய்தால் கேலரியில் இருக்கும் பாட்டிக்கும் தெரியும்.

காதை நம்பாதே

அணிவகுப்பு பேண்டில் கேட்கும் விசித்திரமான அறிவுரை: காதை நம்பாதே. காரணம் பள்ளி இயற்பியல்தான். சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அணி நீளம் 50 மீட்டர் என்றால், முன்னால் அடித்த டிரம் கடைசி ஆளின் காதுக்கு வர கிட்டத்தட்ட 0.15 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை விநாடி. அதாவது காதை நம்பி நடக்கும் கடைசி ஆள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி தாமதமாகக் கால் வைப்பார். டிவியில் பார்க்கும்போது சில அணிகளின் வால் பகுதி அலைபோல நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் முன்னால் டிரம் மேஜர் நீளமான கோலை ஏற்றி இறக்குகிறார். அது அலங்காரம் இல்லை. ஒளிக்கு இந்தத் தாமதம் கிடையாதே! கோலைப் பார்த்துத் திரும்பு, கோலைப் பார்த்து நிறுத்து. மைதானத்தில் வாயால் கத்தினால் டிரம் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

வெயிலும் ஒரு பார்ட்டி. குழாய்க்குள் இருக்கும் காற்று சூடானால் பித்தளை வாத்தியங்களின் சுருதி ஏறும். காலை ஆறு மணி ஒத்திகையில் சரியாக இருந்தது, பத்து மணிக்கு எல்லாம் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். கடலூர் மாவட்டத்து ஆகஸ்ட் வெயிலில் மவுத்பீஸை வாயில் வைக்கும்போது அது இயற்பியல் பாடமாகத் தோன்றாது என்பது வேறு விஷயம்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. நெய்வேலி இருக்கும் மாவட்டத்திலேயே, கடலூரில், 1690-ல் ஆங்கிலேயர் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது கம்பெனியின் தென்னகத் தலைமையே கடலூருக்குத்தான் வந்தது. பட்டாளம் போன இடமெல்லாம் முரசும் ஊதுகுழலும் போயின.

அதைக் கேட்டு ஓடி ஒளியாமல் உட்கார்ந்து பாட்டு எழுதியவர் முத்துசுவாமி தீட்சிதர். மெட்ராஸ் பக்கம் மணலியில் இருந்த நாட்களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்ட் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். இன்றும் 'நோட்டுஸ்வரம்' என்று பாட்டு வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்களே, அவைதான். சுமார் நாற்பது இருக்கும். அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு! தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே பேண்ட் வைத்திருந்தார். கிளாரினெட் அந்த வழியாகத்தான் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்து, பிறகு ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுக் கர்நாடக வாத்தியமாகவே ஆனது. கல்யாண 'பேண்டு செட்' இன்னொரு கிளை. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் இன்றும் பிரதம விருந்தினர் வந்தால் பாண்ட் வாத்தியம் முன்னால் போகாமல் விழா தொடங்காது.

2024 குடியரசு தின அணிவகுப்பில் இந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றி வந்தது. டெல்லி கடமைப் பாதையில் வழக்கமான ராணுவ பேண்டுக்குப் பதிலாக, நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கலைஞர்கள் சங்கு, நாதஸ்வரம், நகாரா முழங்க அணிவகுப்பைத் தொடங்கிவைத்தார்கள். 'நாதஸ்வரத்தை நடந்துகொண்டே வாசிக்க முடியுமா' என்று கேட்டவர்கள் நம்மூர்த் தேரோட்டத்தைப் பார்க்காதவர்களாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி எடுக்கிறார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்க ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக பேண்ட் போதும். 228 பேர். புல்லாங்குழல், கிளாரினெட் கிடையாது. பித்தளையும் தாளமும் மட்டும். கோடையில் தேர்வு: வாசிப்பு ஒரு பக்கம், நடை இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்று சுமார் என்றாலும் அவுட்.

சுவாரஸ்யம் அதற்கப்புறம்தான். தேர்வானவர்கள் எல்லோரும் மைதானத்தில் இறங்க மாட்டார்கள். சிலர் மாற்று ஆட்கள். அந்த மாற்று ஆள், மைதானத்தில் இறங்கும் ஒருவரிடம் 'உன் இடத்துக்கு நான் போட்டி போடுகிறேன்' என்று சவால் விடலாம். இருவரும் நடந்தும் வாசித்தும் காட்ட வேண்டும். ஜெயித்தவருக்கு அந்த வார மேட்ச். நம்மூரில் ஒருமுறை டீமில் இடம் பிடித்தால் மூன்று வருஷம் கவலையில்லை என்ற நிலையோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் ஒத்திகையை யாரும் கட் அடிக்க மாட்டார்கள்.

இவர்களின் அடையாளம் 1936 முதல் செய்துவரும் ஒரு வடிவம். நடந்துகொண்டே ஆங்கிலக் கையெழுத்தில் 'ஒஹாயோ' என்று எழுதுவார்கள். கடைசியில் 'ஐ' எழுத்தின் மேல் புள்ளி வைக்க ஒரே ஒருவர் ஓடி வருவார். அது மூத்த மாணவரான ஒரு சூசஃபோன் கலைஞர். பேண்டிலேயே கனமான வாத்தியத்தைச் சுமப்பவருக்குத்தான் அந்தப் பெருமை. அந்த பேண்டில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1973-ல்தான், அதுவும் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வந்த மறு ஆண்டு.

இதே உலகத்துக்கு இருட்டுப் பக்கமும் உண்டு. கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'மார்ச்சிங் 100' பேண்ட், 1989-ல் பாரிஸ் வரை போய் பிரெஞ்சுப் புரட்சியின் 200-வது ஆண்டு அணிவகுப்பில் வாசித்த பெருமைக்குரியது. 2011 நவம்பரில், ஒரு மேட்ச் முடிந்த இரவு, அதன் டிரம் மேஜர்களில் ஒருவரான ராபர்ட் சாம்பியன், பஸ்ஸுக்குள் சக பேண்ட் மாணவர்கள் 'சடங்கு' என்ற பெயரில் அடித்ததில் இறந்துபோனார். வயது 26. பேண்டையே நிறுத்தி வைத்தார்கள். 2013-ல்தான் திரும்ப மைதானத்துக்கு வந்தது.

படிக்கும்போது சிதம்பரம் ஞாபகம் வராமல் இருக்காது. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியர் சொன்னால் ஜூனியர் செய்ய வேண்டும் என்பது எந்த அணிக்கும் பொருந்தும் விதி. பேண்டில் அது இன்னும் இறுக்கம். ஆகவே சேரும்போது தெரிந்திருக்க வேண்டியது: ஒத்திகையில் தப்பு செய்தால் கூடுதலாக ஒரு ரவுண்டு ஓடச் சொல்வது பயிற்சி. அறைக்கு வரச் சொல்லி அடிப்பதும் அவமானப்படுத்துவதும் குற்றம்.

சரி, கடைசியில் என்ன கிடைக்கும்?

இப்போது வீட்டுக் கேள்விக்கு வருவோம். மந்தாரக்குப்பத்துப் பையன் ஒருவன் பள்ளியில் சைடு டிரம்மும் பிறகு டிரம்பெட்டும் கற்றுக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு முன்னால் இருக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, சான்றிதழ் வழி. என்சிசி 'சி' சான்றிதழ் ராணுவ, போலீஸ் ஆள்சேர்ப்பில் கைகொடுக்கும். பட்டதாரிகளுக்கு ராணுவ அதிகாரியாக எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத்துக்குப் போகும் என்சிசி சிறப்பு நுழைவு இருக்கிறது. 2021-ல் யுஜிசி, என்சிசி-யை கிரெடிட் உள்ள விருப்பப் பாடமாகவே வைக்கலாம் என்று சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது, இதெல்லாம் கேடட் என்பதற்காகக் கிடைப்பது. பேண்ட் என்பதற்காகத் தனியாக அல்ல.

இரண்டாவது வழிதான் பலருக்குத் தெரியாதது. விமானப்படையும் கடற்படையும் இசைக்கலைஞர்களைத் தனியாகவே எடுக்கின்றன. அக்னிவீர் வாயு திட்டத்தில் 'மியூசிஷியன்' பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். ஆனால் ஏதாவது ஒரு வாத்தியத்தை நேரில் வாசித்துக் காட்ட வேண்டும். அதோடு ஆங்கில எழுத்துத் தேர்வு, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை. கடற்படையில் சுருதி, தாள ஞானத்தையும் சோதிப்பார்கள். டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸ், யூஃபோனியம் போன்ற காற்று வாத்தியங்கள் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு. கல்யாண பேண்டில் வாசித்துப் பழகிய பையனும் போகலாம், சர்ச் குவாயரில் வாசிக்கும் பெண்ணும் முயலலாம். அந்தந்த அறிவிப்பில் பெண்களுக்கு இடம் உண்டா, எந்தெந்த வாத்தியம் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையும் ரோஜாப்பூ வழியாகக் காட்டக்கூடாது. அக்னிவீர் என்றால் நான்கு ஆண்டுப் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் அதன்பின் நிரந்தர இடம். நிரந்தர வேலை என்ற வார்த்தைக்காகவே இத்தனை வருஷம் போராடும் ஊரில், பேண்ட் கற்றுக்கொண்ட பையனுக்கும் வாசலில் நிற்பது அதே கேள்விதான். நான்கு வருஷம் கழித்து அவன் கையில் ஒரு தொகையும் நன்றாகத் தேய்ந்த மவுத்பீஸும் இருக்கும். அதன்பின் பள்ளி பேண்ட் மாஸ்டர் வேலை, சினிமா ஒலிப்பதிவு, கச்சேரி என்று சிலர் போகிறார்கள். எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, போட்டி மேடை. பள்ளி மாணவர்களுக்கு, பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து தேசியப் பள்ளி பேண்ட் போட்டி நடத்துகின்றன. மாநிலம், மண்டலம் தாண்டி ஜனவரியில் டெல்லி இறுதிச்சுற்று. பையன்கள் பிராஸ், பெண்கள் பிராஸ், பையன்கள் பைப், பெண்கள் பைப் என நான்கு பிரிவு. பைப் என்றால் ஸ்காட்லாந்து பேக்பைப். மண்டலத்துக்கு ஒன்று வீதம் பிரிவுக்கு நான்கு, மொத்தம் 16 அணிகள் இறுதிக்குப் போகும். என்சிசி கேடட்டாக டெல்லி போவது வேறு கதை. ஜனவரி முழுக்க அங்கே நடக்கும் குடியரசு தின முகாமுக்கு நாடெங்கிலுமிருந்து 2,000-க்கும் மேற்பட்ட கேடட்கள் வருவார்கள். ஆனால் அணிவகுப்பில் வாசிக்கும் என்சிசி பெண்கள் பேண்ட் என்றால், பல ஆண்டுகளாக ராஜஸ்தானின் பிலானியில் உள்ள பிர்லா பாலிகா வித்யாபீடத்தின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே பள்ளிக்குள் சீனியர் ஜூனியருக்குச் சொல்லித்தந்து வளர்ந்த குழு அது.

பேண்டின் பலமும் பலவீனமும் அதில்தான். மாணவர்கள் மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். டிரம் ரோலை முழுசாகக் கற்றுக்கொண்ட வருஷம்தான் அவர்களின் கடைசி வருஷம். அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில், வாத்தியங்கள் ஸ்டோர் ரூமில் பச்சை பிடித்துக் கிடக்கும். நல்ல மாஸ்டர்கள் அதனால் முதல் வருஷ ஆட்களை இறுதி வருஷ ஆட்களோடு ஜோடி சேர்த்து நிறுத்துவார்கள். பரேடில் ஜூனியர் மெதுவாக வாசித்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் சீனியரின் கை தெரிய வேண்டும்.

இந்த ஜூனில் கல்லூரியில் காலடி வைப்பவர்களுக்கு ஒரு ப்ராக்டிகல் டிப். ஆள்சேர்ப்பு நாளில் எல்லோரும் சைடு டிரம் வரிசையில் போய் நிற்பார்கள். அங்கே கூட்டம். யூஃபோனியம், டியூபா மாதிரி கனமான வாத்தியங்கள் இருக்கும் பேண்டாக இருந்தால், அந்தப் பக்கம் ஆளே இருக்காது. தோள் வலிக்கும், செல்ஃபியில் முகம் பாதி மறையும். ஆனால் படை பேண்டுகள் தேடும் பட்டியலில் யூஃபோனியம் இருக்கிறது. முதல் நாள் போய்க் கேட்டால், மாஸ்டர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார்.